முறுக்கு உரலா, மூன்று கால் பிளக்கா: கழற்றி அளந்து மாடல் செய்ய எந்தப் பொருளை எடுப்பது?

கேள்வி இதுதான். செபராங் பிறையில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா படிக்கும் மாணவி ஒருவர், ஆறு வாரத்துக்குள் வீட்டில் புழங்கும் ஒரு பொருளைக் கழற்றி, அளந்து, கணினியில் முப்பரிமாண மாடலாக்கி, வரைபடங்களோடு ஒப்படைக்க வேண்டும். அண்ணனின் பழைய இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பகுதி), இல்லாவிட்டால் வீட்டு ஸ்டாண்ட் ஃபேன், இந்த இரண்டில் எதை எடுக்கலாம் என்று கேட்கிறார்.

தங்கச்சி, இரண்டும் வேண்டாம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கார்புரேட்டர் பார்க்க உள்ளங்கை அளவுதான். ஆனால் அதன் வேலை முழுவதும் உள்ளே ஓடும் துளைகளில் நடக்கிறது. வார்த்த உடலில் வெளியிலிருந்து துளையிட்டு, வாயை ஒரு சிறு குண்டு வைத்து அடைத்திருப்பார்கள். அந்தத் துளை எந்தக் கோணத்தில் போகிறது, எங்கே இன்னொன்றைச் சந்திக்கிறது என்று காலிப்பரால் (இரண்டு வாய்களுக்கு நடுவே பிடித்து நுணுக்கமாக அளக்கும் கருவி) கண்டுபிடிக்க முடியாது. உடலை அறுத்தால் தெரியும். அறுத்ததைத் திரும்பப் பூட்ட முடியாது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட் துளைகள் ஒரு மி.மீ.க்கும் கீழே. வெளிப்புறம் வார்ப்பு என்பதால் நேரான முகம் குறைவு, அளவை எங்கே தொடங்குவது என்பதே பெரும் பாடு. ஆறு வாரத்தில் நான்கு வாரம் வெளித்தோலை வரைவதிலேயே கரைந்துவிடும். அப்படி வரைந்த தோலை வைத்து கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று ஒரு பத்திகூட எழுத முடியாது.

ஃபேனில் சிக்கல் வேறு. இறக்கை அடியில் ஒரு கோணம், நுனியில் ஒரு கோணம் என்று முறுக்கிக்கொண்டு போகும். 3டி ஸ்கேனர் இல்லாமல் அதை நம்பகமாக எடுப்பது கடினம். மோட்டாரின் செம்புச் சுற்றைக் கழற்றினால் அது மோட்டாராக இருக்காது. போதாக்குறைக்கு உறுப்புகளின் எண்ணிக்கை மிக அதிகம். ஆனால் ஃபேனுக்குள் ஓர் அருமையான சிறு பொருள் ஒளிந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் அதன் வடிவத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, உறுப்பும் உறுப்பும் தொடும் இடத்தை. எது எதற்குள் நுழைகிறது, எவ்வளவு இடைவெளி விட்டு நுழைகிறது, எது சுழல்கிறது, எது நகர்கிறது, எது அசையவே கூடாது. வடிவமைத்தவர் யோசித்ததெல்லாம் அந்த இடங்களில்தான் இருக்கிறது. ஒரு பீங்கான் கோப்பையை எவ்வளவு அழகாக மாடல் செய்தாலும் அதில் தொடும் இடம் இல்லை. எழுத விஷயமும் இல்லை.

இதை வைத்துப் பார்த்தால் நல்ல பொருளுக்கு அடையாளம் தெரிந்துவிடும். உறுப்புகள் ஆறுக்குக் குறையாமல் பன்னிரண்டுக்கு மிகாமல் இருக்கட்டும். ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பேனரும் போதும் என்ற அளவில் கழல வேண்டும். ஒட்டியதும் அல்ட்ராசோனிக்கில் உருக்கி இணைத்ததும் வேண்டாம். மிகச் சிறிய உறுப்பு 3 மி.மீ.க்குக் குறையாமலும், மிகப் பெரியது 150 மி.மீ. காலிப்பரின் வாய்க்குள் அடங்குவதாகவும் இருந்தால் நல்லது. ஓர் அசைவாவது இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று, பலரும் விட்டுவிடுவது: அதே பொருள் இன்னொன்று வாங்கக் கிடைக்க வேண்டும், அதுவும் மலிவாக. ஒன்று பூட்டிக் கழற்ற, இன்னொன்று அறுத்துப் பார்க்க.

இத்தனைக்கும் பொருந்துவது திருகு வைத்த முறுக்கு உரல். முறுக்கு அச்சு என்றும் முறுக்குப் பிடி என்றும் சொல்வோமே, கைப்பிடியைச் சுற்றினால் மாவு கீழே இறங்கும் அந்த வகை. இரண்டு கையாலும் அமுக்கும் பழைய மர உரல் வேண்டாம், அதில் மரை இல்லை. ஜார்ஜ் டவுன் லிட்டல் இந்தியாவில் லெபோ பாசார், லெபோ குயின் பக்கம் பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது. ஒரே கடையில், ஒரே மாதிரியில், இரண்டு வாங்குங்கள். அம்மாவின் உரலைத் தொட வேண்டாம். வருடக்கணக்காகப் புழங்கியதில் மரை தேய்ந்திருக்கும், விளிம்பு நெளிந்திருக்கும், நீங்கள் அளப்பது தேய்மானத்தையும் சேர்த்துத்தான். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் பித்தளை உரல் கிடைத்தாலும் இதே காரணத்துக்காக அதைச் செய்முறைக்கு எடுக்காதீர்கள்.

உரலில் பெரும்பாலும் இருப்பவை: உருளை, மேல் மூடி, அதன் நடுவில் மரை வெட்டிய துளை, திருகுத் தண்டு, தண்டின் தலையில் குறுக்குக் கைப்பிடி, தண்டின் அடியில் பிஸ்டன், கீழ் மூடி, மாற்றிப் போடும் வில்லைகள். வில்லைகள் பத்துக்கு மேல் வந்தாலும் மூன்றை மட்டும் மாடல் செய்யுங்கள்: முள்முறுக்கு நட்சத்திரம், ஓமப்பொடிக்கான சிறு துளைகள், ரிப்பன் பக்கோடாவின் நீள வெட்டு. மற்றவை அதே வேலைதான்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. முழுதாகப் பூட்டிய உரலின் கைப்பிடியில் ஒரு பேனாக் கோடு போட்டு, சரியாக 5 சுற்று சுற்றுங்கள். பிஸ்டன் எவ்வளவு இறங்கியது என்று காலிப்பரின் ஆழக் கம்பியால் அளந்துகொள்ளுங்கள். பிறகு தண்டை வெளியே எடுத்து, மரையின் பத்து இடைவெளிகளை ஒரு சேர அளந்து பத்தால் வகுங்கள். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள அந்த இடைவெளிக்குப் பெயர்தான் பிட்ச். ஒரே ஒரு இடைவெளியை அளந்தால் 0.1 மி.மீ. பிழை அப்படியே பிட்ச்சில் ஏறிவிடும். பத்தை அளந்தால் அது 0.01 ஆகச் சுருங்கும். பத்து இடைவெளி 30 மி.மீ. வந்தால் பிட்ச் 3. ஐந்து சுற்றில் 15 மி.மீ. இறங்கியிருந்தால் அது ஒற்றை மரை. 30 மி.மீ. இறங்கியிருந்தால் இரட்டை மரை: இரண்டு மரைகள் பக்கம் பக்கமாகச் சுற்றி ஓடுகின்றன, ஒரு சுற்றுக்கு இரண்டு மடங்கு தூரம் போகும். தண்டின் நுனியை நேராகப் பார்த்தாலும் தெரியும். மரை தொடங்கும் வாய் ஒன்றா இரண்டா என்று எண்ணினால் போதும். இதைக் கவனிக்காமல் ஒற்றை மரையாக வரைந்துவிட்டால், அனிமேஷனில் எல்லாம் அழகாகச் சுற்றும், கணக்கு மட்டும் பாதியாக வரும்.

இனி விட்டம். காலிப்பர் 11.86 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே 11.86 என்று மாடலில் போடாதீர்கள். மரை வெட்டும்போதும் உருட்டும்போதும் முகடு பெயரளவை (மரைக்குப் பெயராகச் சொல்லும் அளவு) விடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். விட்டம் 12, பிட்ச் 3, பக்கங்கள் சரிந்த ட்ரபீசாய்டல் வடிவம் என்றால், அது ஐஎஸ்ஓ மெட்ரிக் ட்ரபீசாய்டல் வரிசையில் இருக்கும் டிஆர் 12×3. பக்கங்களுக்கு இடைப்பட்ட கோணம் 30 டிகிரி. பெயர் தெரிந்துவிட்டால் மற்ற அளவுகள் தாமாக வரும்: பிட்ச் விட்டம் (பல்லும் பள்ளமும் சம அகலமாக இருக்கும் நடு விட்டம்) 10.5, தண்டின் அடி விட்டம் 8.5, நட்டுப் பக்கத்தின் உள்விட்டம் 9, வெளிவிட்டம் 12.5. நட்டுக்குள் காலிப்பரை விட்டு அளக்கவே முடியாத எண்கள் இவை. மலிவான உரல்களில் மரை வட்டமாக உருட்டியதாகவும், எந்த வரிசையிலும் சேராததாகவும் இருக்கலாம். அப்போது தண்டைப் பக்கவாட்டில் ஸ்கேன் செய்து, வடிவத்தை அதன் மேலேயே வரைய வேண்டும்.

இந்த மரையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள், அறிக்கையின் கனமே அங்கேதான் கூடும். மரையின் ஏற்றக் கோணத்தின் டேன் மதிப்பு 3 வகுத்தல் (3.1416 × 10.5), அதாவது 0.091, கோணம் ஏறத்தாழ 5.2 டிகிரி. உலோகத்துக்கு உலோகம் உராய்வுக் கெழு 0.15 என்று வைத்தால் உராய்வுக் கோணம் (டேன் மதிப்பு 0.15 வரும் கோணம்) 8.5 டிகிரி. ஏற்றக் கோணம் உராய்வுக் கோணத்தை விடச் சிறியது. அதனால்தான் கையை எடுத்தாலும் மாவு பிஸ்டனை மேலே தள்ளிவிடுவதில்லை, அடுப்பைக் குறைத்துவிட்டு வரலாம். இப்போது விசை. கைப்பிடியின் இரண்டு பக்கமும் நடுவிலிருந்து 50 மி.மீ. தள்ளி 30 நியூட்டன் வீதம் தள்ளினால் முறுக்கு விசை (டார்க்) 3 நியூட்டன் மீட்டர். ட்ரபீசாய்டல் பக்கச் சரிவையும் சேர்த்தால் மொத்தக் கோணம் 14 டிகிரி வருகிறது. பிட்ச் ஆரம் 5.25 மி.மீ. தண்டின் அடியில் கிடைக்கும் விசை சுமார் 2,290 நியூட்டன். தண்டு நுனியும் பிஸ்டனும் உரசுவதில் போகும் இழப்பைக் கழிக்காத கணக்கு இது. ஏறக்குறைய 230 கிலோ எடையைத் தூக்கி வைத்தது போல. 52 மி.மீ. உருளையில் அது சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டனுக்குச் சற்று மேல், அதாவது அழுத்தம் 10 பாருக்குச் சற்று அதிகம். மாவு கெட்டியாக இருக்கும்போது கீழ் மூடி வழுக்கிக்கொண்டு தெறிப்பது ஏன் என்று இப்போது புரியும். தகட்டில் உருட்டிய, ஒன்றரைச் சுற்றுகூடப் பிடிக்காத மரை அவ்வளவு விசையைத் தாங்க வேண்டியிருக்கிறது.

அடுத்து பிஸ்டன். அது தண்டோடு இறுக்கமாக இணைக்கப்பட்டிருக்கிறதா, தளர்வாகச் சுழல்கிறதா என்று விரலால் சுற்றிப் பாருங்கள். சுழலும் என்றால் அதற்குக் காரணம் உண்டு: தண்டு சுற்றினாலும் பிஸ்டன் மாவோடு சேர்ந்து சுழலாமல் நேராக இறங்க வேண்டும். இணைப்பு ரிவெட்டா, சர்க்ளிப் என்ற வளையக் கவ்வியா, சிறு ஸ்க்ரூவா என்று படம் எடுத்து வையுங்கள். ரிவெட் என்றால் முதல் உரலில் கழற்றாதீர்கள். இரண்டாவதில் ரிவெட் தலையை ராவி எடுத்துப் பார்க்கலாம்.

பிஸ்டனுக்கும் உருளைக்கும் உள்ள இடைவெளிதான் இந்தப் பொருளின் உயிர். உருளையின் உள்விட்டத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் மூன்று திசையில் அளந்து, ஒன்பது எண்களையும் எழுதுங்கள். தகட்டு உருளை என்றால் அது சரியான வட்டமாக இருக்காது, 52.1 முதல் 52.6 வரை ஆடினால் ஆச்சரியப்பட வேண்டாம். பிஸ்டன் 51.4 என்றால் மிகக் குறுகிய இடத்தில் மொத்தம் 0.7 இடைவெளி. இதை இன்னும் குறைத்தால் நெளிந்த இடத்தில் பிஸ்டன் சிக்கும்; கூட்டினால் மாவு பிஸ்டனுக்கு மேலே ஏறி வழியும். வரைபடத்தில் சராசரியை மட்டும் போட்டுவிட்டு, பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் மறைத்துவிடாதீர்கள். அந்த வித்தியாசம்தான் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற வரம்பு) எழுதுவதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரம்.

தகட்டின் தடிமனில் ஏமாறாமல் இருங்கள். உருளையின் விளிம்பை மடித்து உருட்டியிருப்பார்கள். அங்கே காலிப்பரை வைத்தால் தகட்டின் தடிமன் வராது, மடிப்பின் தடிமன் வரும். இதற்குத்தான் இரண்டாவது உரல். ஹேக்சா வைத்து நெடுக அறுத்து, பிசிறை ராவிவிட்டு, மூன்று நான்கு இடங்களில் அளக்கவும். குழிவான பக்கத்தில் காலிப்பரின் தட்டையான வாய் சரியாக உட்காராது, முனையால் மட்டும் தொட்டு அளக்க வேண்டும். அறுக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மெல்லிய ஸ்டீல் தகட்டின் விளிம்பு கத்தியை விட மோசம்.

வில்லைகளுக்கு காலிப்பரே தேவையில்லை, நூலகத்திலோ கடையிலோ இருக்கும் சாதாரண ஸ்கேனர் போதும். வில்லையைக் கண்ணாடி மேல் படுக்க வைத்து, பக்கத்தில் ஸ்டீல் ரூலரையும் வைத்து, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஒரு புள்ளி 0.042 மி.மீ., நட்சத்திரத்தின் பல்லை வரைய இது தாராளம். ரூலரின் 50 மி.மீ.யை வைத்து மாடலில் படத்தின் அளவைச் சரிசெய்யுங்கள். நீளத்துக்கும் அகலத்துக்கும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும், சில ஸ்கேனர்கள் ஒரு திசையில் கொஞ்சம் இழுக்கும். கண்ணாடியிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்ந்தாலே மெலிந்த சிஐஎஸ் வகை ஸ்கேனரில் படம் மங்கிவிடும். தண்டு போன்ற உருண்ட பொருளுக்குப் பழைய தடித்த சிசிடி ஸ்கேனர் நல்லது. கைப்பேசியில் எடுப்பதாக இருந்தால் பக்கத்தில் போய் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று ஸூம் செய்து எடுத்தால் ஓரங்கள் விரிவது குறையும். துளையின் ஒரு பக்க விளிம்பு மழுங்கியும் மறுபக்கம் பிசிறோடும் இருந்தால், துளையிட்ட பஞ்ச் மழுங்கிய பக்கத்திலிருந்து இறங்கியது என்று அர்த்தம். மாவு வெளியே வரும் பக்கம் எது என்று பூட்டிப் பார்த்து அதோடு ஒப்பிடுங்கள். நல்ல கவனிப்பு, அறிக்கையில் இரண்டு வரி.

ஓமப்பொடித் துளை போன்ற சின்னத் துளைகளை காலிப்பரின் உள்வாயால் அளந்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும், அந்த வாயின் நுனி கூராக இல்லாமல் சிறிது தட்டையாக இருப்பதால். டிரில் பிட்டின் வழுவழுப்பான அடித்தண்டை ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள்: 1.5 போகிறது, 1.6 போகவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது.

எண்ணெய்ப் பாத்திரமே வேண்டாம், மின்சாரம் பக்கம் போகலாம் என்றால், கம்பி மாட்டாத புதிய 13 ஆம்பியர் மூன்று கால் பிளக் ஒன்று வாங்குங்கள். சாமான் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். உள்ளே மூன்று கால்கள், ஃபியூஸ், ஃபியூஸைப் பிடிக்கும் கவ்வி, கம்பியை இறுக்கும் பட்டை, ஸ்க்ரூக்கள், அடிப்பாகம், மூடி: உறுப்புகளின் எண்ணிக்கை சரியாக வரும். இதன் அழகு எண்களில் இருக்கிறது. இரண்டு சிறிய கால்களின் நடு முதல் நடு வரை நேராக அளக்க முடியாது. வெளி விளிம்பு முதல் வெளி விளிம்பு வரை ஒரு தடவை, உள் விளிம்பு முதல் உள் விளிம்பு வரை ஒரு தடவை அளந்து, கூட்டி, இரண்டால் வகுங்கள். 28.55, 15.85 என்று வந்தால் பாதி 22.2. பார்ப்பதற்கு அசட்டுத்தனமான எண். 25.4ஆல் வகுத்துப் பாருங்கள், 7/8 அங்குலம் என்று வரும். காலின் அகலம் 6.35, அது கால் அங்குலம். ஃபியூஸின் நீளம் ஒரு அங்குலம், விட்டம் கால் அங்குலம். இந்தப் பிளக்கின் மூலமான பிஎஸ் 1363 தரம் 1947இல் பிரிட்டனில் அங்குலக் கணக்கில் பிறந்தது, நம் சுவரில் இன்றைக்கும் அதே கணக்குத்தான். அளந்த எண் முழு எண்ணாக வரவில்லையென்றால் உடனே அங்குலத்தில் மாற்றிப் பார்க்கும் பழக்கம் இங்கேயே வந்துவிடும். (வீட்டுத் தண்ணீர்க் குழாயும் இப்படித்தான். அரை அங்குல மரை என்று கடைக்காரர் கொடுப்பார். வெளிவிட்டத்தை அளந்தால் 20.9 மி.மீ. வரும். அரை அங்குலம் என்பது பழைய இரும்புக் குழாயின் உள்வாயைக் குறிக்கும் பெயர். மரையின் அளவு அல்ல.)

எர்த் கால் ஏறத்தாழ 22.7 மி.மீ., மற்ற இரண்டும் 17.7. அந்த 5 மி.மீ. எதற்கு என்று எழுதுங்கள்: எர்த் முதலில் தொட வேண்டும், சாக்கெட்டுக்குள் இருக்கும் தடுப்பைத் திறந்து மற்ற இரண்டுக்கும் வழிவிட வேண்டும். ஒரே நிபந்தனை: கழற்றி ஆராய்ந்த பிளக்கை மறுபடி கம்பி மாட்டிப் புழங்க வேண்டாம்.

பிளக்கின் உடல் பிளாஸ்டிக் என்பதால் அச்சு வார்ப்பின் அடையாளங்களைத் தேடுங்கள். இரண்டு அச்சுகள் சந்தித்த மெல்லிய கோடு, பொருளைத் தள்ளி வெளியேற்றிய ஊசிகளின் வட்டத் தடங்கள், பிளாஸ்டிக் நுழைந்த இடத்தின் சிறு தழும்பு. மூடியின் உயரத்தில் மேலே ஓர் அகலமும் கீழே ஓர் அகலமும் வந்தால் அளவெடுத்ததில் தவறு என்று நினைக்காதீர்கள். அச்சிலிருந்து சிக்காமல் வெளியே வர ஒன்று அல்லது இரண்டு டிகிரி சரிவு கொடுத்திருப்பார்கள். உள்ளே நிற்கும் விலா எலும்பு போன்ற தடுப்புகள் சுவரை விட மெலிந்தே இருக்கும், பெரும்பாலும் பாதியை ஒட்டி. தடித்தால் வெளிப்பக்கம் குழி விழும். பாயான் லெப்பாஸில் 1972இல் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து பினாங்கு இதில் ஊறிய ஊர். தொழிற்சாலையில் மோல்ட் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் எப்படியும் இருப்பார். மூடியை அவர் கையில் கொடுத்து, இதன் அச்சு எந்தப் பக்கம் திறந்திருக்கும் என்று கேளுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். கிளிக் பேனா நல்ல பொறியமைப்பு, ஆனால் அந்தப் பற்கள் காலிப்பருக்கு மிகச் சிறியவை. மைக்ரோஸ்கோப் கிடைத்தால் எடுக்கலாம். அடுக்குத் தூக்குச்சட்டி ரிவால்வ் கட்டளையை (ஒரு கோட்டைச் சுழற்றி உருண்ட வடிவம் ஆக்குவது) பழக நல்லது, ஆறு வாரத்துக்குக் கனம் போதாது. குடை வேண்டாம், துணி மாடலில் நிற்காது. அளவு நாடாவின் உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங் வெளியே பாய்ந்து முகத்தில் அடிக்கும். மைக்ரோவேவ், பழைய டிவி, கேமரா ஃபிளாஷ், லித்தியம் பேட்டரி உள்ள எதுவும் தொடவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஃபேன் மேல்தான் ஆசை என்றால், தலையைத் திருப்பும் சிறு கியர் பெட்டியை மட்டும் எடுங்கள். மோட்டாரின் பின்பக்கத் தண்டில் வெட்டிய வோர்ம் என்ற திருகுப் பல், அதில் ஓடும் சக்கரம், அதன் தண்டில் ஒரு சிறு பல் சக்கரம், அது திருப்பும் பெரிய சக்கரம், கடைசியில் கிராங்கும் இணைப்புக் கம்பியும். பற்களை எண்ணி, வெளிவிட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் அளவைச் சொல்லும் எண்: 30 பல், 16 மி.மீ. என்றால் 0.5. நேர்ப்பல் சக்கரத்துக்கு இது பொருந்தும். வோர்ம் ஓடும் சக்கரத்தில் பல் சாய்ந்திருப்பதால் சிறிது விலகும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் உச்ச வேகம் 1500. ஓடும்போது 1250 என்று வைத்து, தலை நிமிடத்துக்கு 5 தடவை போய்வந்தால் மொத்தக் குறைப்பு 250க்கு 1. நீங்கள் எண்ணிய பற்கள் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். பெட்டியைக் கழற்றும் முன் பிளக்கைப் பிடுங்கி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரின் இரு முனையையும் காப்பிட்ட பிடியுள்ள ரெசிஸ்டர் ஒன்றின் வழியே இறக்கிவிட வேண்டும். இதை ஆய்வகத்தில் பயிற்றுநர் முன்னால் மட்டும் செய்யுங்கள்.

மாடலுக்கு வருவோம். முதல் நாளிலேயே முக்கிய அளவுகளுக்குப் பெயர் வைத்து பராமீட்டராகப் போடுங்கள்: உருளை உள்விட்டம், பிஸ்டன் இடைவெளி, பிட்ச், தகட்டுத் தடிமன். பிஸ்டனின் விட்டத்தைத் தனி எண்ணாகத் தட்டாமல், உள்விட்டம் கழித்தல் இடைவெளி என்று எழுதினால் ஒன்றை மாற்ற மற்றது தானாக மாறும். எல்லா உறுப்புகளுக்கும் ஒரே நடுக்கோடு. ஃபில்லட்டுகளைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே மூலைகளை மழுக்கிவிட்டு பிறகு ஓர் அளவைத் திருத்தினால் மாடல் முழுக்கச் சிவப்பாக எரியும். திருகுத் தண்டின் மரையை உண்மையாகவே வெட்டுங்கள், இந்தப் பொருளின் வேலையே அதுதான். சின்ன ஸ்க்ரூக்களுக்கு மரைப் படம் ஒட்டினால் போதும்.

அசைவுக்கு, மாடல் செய்யும் மென்பொருள்களில் சாலிட்வொர்க்ஸில் சுற்றையும் நகர்வையும் இணைக்கும் ஸ்க்ரூ மேட் நேராகவே இருக்கிறது. ஃபியூஷனில் சிலிண்ட்ரிக்கல் ஜாயின்ட் போட்டு, மோஷன் லிங்க்கில் 360 டிகிரிக்கு 3 மி.மீ. என்று கொடுக்க வேண்டும். பிஸ்டனைத் தண்டோடு ரிஜிட்டாக (அசையாதபடி) கட்டாமல் ரிவால்யூட்டாக (சுழலும்படி) விடுங்கள். ஃப்ரீகேட் 1.0 முதல் அசெம்ப்ளி வசதி உள்ளேயே வருகிறது, லைசென்ஸ் தலைவலி இல்லை. ஆன்ஷேப் இலவசக் கணக்கில் நீங்கள் செய்வதெல்லாம் எல்லோரும் பார்க்கத் திறந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பிறகு இன்டர்ஃபெரன்ஸ் செக் ஓட்டுங்கள். எல்லாவற்றுக்கும் பெயரளவையே போட்டிருந்தால் நட்டும் தண்டும் ஒன்றுக்குள் ஒன்று புதைந்திருப்பதை அது காட்டிக் கொடுக்கும். வரைபடத்தைத் தொடங்கும் முன் முதற்கோண வீழ்ச்சியா மூன்றாங்கோண வீழ்ச்சியா (தோற்றங்களைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்ற முறை) என்று விரிவுரையாளரிடம் கேட்டுவிடுங்கள். கடைசி இரவில் தெரிந்தால் எல்லாத் தாளும் வீண்.

மாடல் சரியா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது: சமையலறைத் தராசு. ஒவ்வோர் உறுப்பையும் தனியாக நிறுத்து எழுதுங்கள். மாடலில் பொருளின் அடர்த்தியைக் கொடுங்கள்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.9 கிராம், அலுமினியம் 2.7, பித்தளை 8.5. உருளையை எடுத்துக்கொண்டால் உள்விட்டம் 52, உயரம் 110, தகடு 0.8 மி.மீ. என்றால் எடை 115 கிராம் வரும். தடிமனைத் தவறாக 1.0 என்று அளந்திருந்தால் 145. காலிப்பரில் வெறும் 0.2 மி.மீ. வித்தியாசம், தராசில் 30 கிராம். தராசும் மாடலும் ஒத்துப்போகவில்லையென்றால் முதலில் தடிமனைத்தான் திரும்ப அளக்க வேண்டும், அதுவும் அறுத்த உரலில், மடிப்புக்குக் கீழே.